முட்டைக்குள் வந்த பழி

பின்னறையிலிருந்து செவலை உறுமியது.

முன்னறையில் அரிசி களைந்துகொண்டிருந்த பாண்டிலட்சுமியின் கை அப்படியே நின்றது. அடைக்கோழியின் சத்தங்கள் அவளுக்கு அத்துப்படி. நாள் முழுக்கக் 'கொக் கொக்' என்று முனகினால் அது முட்டைக்காக ஏங்குகிற சத்தம். வெறும் பெட்டியில் படுத்துக்கொண்டு சில நாட்களாகச் செவலை அப்படித்தான் ஏங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சத்தம் வேறு. இறகைச் சிலுப்பி, உடம்பை இரண்டு பங்காக உப்பவைத்துக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று எழுப்புகிற உறுமல். வேற்றாள் கால் பக்கத்தில் வந்தால் ஒழிய அது அப்படி உறுமாது.

பின்பக்கமாக யார் வரப்போகிறார்கள்? கருவேலங்காட்டை ஒட்டிய முட்சந்து அது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்த வழியாக வருவதில்லை.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பின்னறைக்குள் நுழையும் முன் அவள் வலது கை தானாகப் போய்க் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டது. பட்டாசுக் கம்பெனியில் வந்த பழக்கம். அங்கே ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்ட பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். மறந்தால் ஒரு பொறி போதும். அறையோடு ஆளும் போய்விடும். கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பி மாதங்கள் ஆகிவிட்டன. அந்தச் சேதி இன்னும் கைக்குப் போய்ச் சேரவில்லை.

பின்வாசலில் சண்முகவேல் நின்றிருந்தார். வெள்ளை வேட்டியெல்லாம் நெருஞ்சி முள். கையில், துண்டால் மூடிய ஒரு கூடை.

"என்ன பாண்டி, சவுக்கியமா இருக்கியா?" என்றார்.

சவுக்கியமா என்று கேட்டார்! ஒருத்தியின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அந்தக் கையைக்கூடத் தட்டாமல் வந்து நின்று, சாப்பிட்டாயா என்று கேட்கிற மனசை இந்தப் பூமி எப்படித்தான் சுமக்கிறதோ!

பாண்டிலட்சுமி வாசலை மறித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் ஏன் அப்படி நின்றாள் என்பது தெரிய வேண்டுமானால், அவள் கையைப் பற்றித் தெரிய வேண்டும்.

அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் அவளுடைய ஊர். பகலில் கம்பெனியில் பூச்சட்டிக்குத் திரி வைப்பாள். புருஷன் மாரீஸ்வரன் தீப்பெட்டி லோடு ஏற்றும் வண்டியோடு பாதி நாள் வெளியூரில் கிடப்பான். அவளுக்குத் துணை கோழிகள்தான். ஊருக்குள் அவளுக்குப் பெயர் கைராசிக்காரி. எந்த வீட்டில் கோழி அடைபடுத்தாலும் முட்டை அடுக்கப் பாண்டிலட்சுமியைக் கூப்பிடுவார்கள். நார்ப்பெட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலை மெத்தையாக வளைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்து அடுக்குவாள். ஓரத்தில் ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு வற்றல் மிளகாய். மற்ற ஊர்களில் இடிக்குப் பயந்து இதையெல்லாம் வைப்பார்கள். இந்தப் பக்கத்தில் வெடிக்குப் பயந்து வைப்பார்கள். கம்பெனிக்காரர்கள் சரக்கைச் சோதிக்க வெடி போடும்போது அதிர்ச்சியில் முட்டை கூழாகிவிடும் என்று ஊரில் ஒரு பயம்.

"பாண்டி அடுக்குனா அணுகுண்டு போட்டாலும் பொரிக்கும்டி" என்பாள் பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி. "ஏ பாண்டி, அந்தக் கையை ஒரு நாளைக்கு இரவல் குடேன். என் மருமக வயித்துல வச்சுப் பாக்கணும்."

"உன் மருமகளுக்கு என் கை எதுக்குக்கா? உன் மவனை லாரியை விட்டு எறங்கி வீட்டுக்கு வரச் சொல்லு" என்பாள் இவள். தெருவே சிரிக்கும்.

அந்தக் கையைத் தேடித்தான் சண்முகவேல் முதலில் வந்தார்.

அவர் ஊருக்குப் பெரியவர். நஞ்சையும் புஞ்சையுமாகப் பரந்து கிடக்கிற நிலம். பாண்டிலட்சுமி வேலை பார்த்த கம்பெனி நிற்பதே அவர் குத்தகைக்கு விட்ட நிலத்தில். அதையெல்லாம்விட அவருக்குப் பெருமை, அவர் வளர்க்கும் கிளிமூக்குக் கோழிகள். கிளிக்கு இருப்பதுபோல வளைந்த மூக்கும், விசிறியாக விரிகிற வாலும், ராஜநடையும் கொண்ட சேவல்கள். கண்காட்சிக்கு அவர் சேவல் வருகிறது என்றால் மற்றவர்கள் தங்கள் சேவல்களை மூடிவைத்துக்கொள்வார்களாம்.

"ஏழு தலைமுறையாக் கலப்பு கிடையாதுலே. சுத்த ரத்தம்" என்று டீக்கடையில் மீசையைத் தடவுவார்.

அந்தச் சுத்த ரத்தத்துக்கு ஒரு குறை உண்டு. பெட்டைகள் கனமானவை. அடையில் உட்கார்ந்தால் தங்கள் முட்டையைத் தாங்களே மிதித்து உடைக்கும். அதனால் அந்த முட்டைகளை நாட்டுக்கோழியின் வயிற்றுக்குக் கீழே வைத்துப் பொரிக்கச் செய்வார்கள். அதற்கு வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவது என்று பெயர். முட்டை அவருடையது. கோழி, தீவனம், உழைப்பு எல்லாம் பாண்டிலட்சுமியுடையது. வளர்ந்த பிறகு எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வெடைக்கோழியை, இன்னும் முட்டையிடாத இளம் பெட்டையை, அவளுக்கு விட்டுக்கொடுப்பார். எந்த ஊர் நியாயம் இது என்று கேட்காதீர்கள். கிளிமூக்கு வெடை ஒன்று வீட்டில் நின்றால் போதும் என்று அந்தப் பாவிமகள் சந்தோஷமாகச் சம்மதித்தாள்.

செவலைக்குக் கீழே அவருடைய முட்டைகளை நடுவிலும், செவலை இட்ட முட்டைகளைச் சுற்றிலும் அடுக்கினாள். அத்தனையும் பொரித்தன. ஒன்றாகவே மேய்ந்தன, ஒன்றாகவே வளர்ந்தன. அதில் ஒரு சேவல், கொக்குவெள்ளை நிறம், பார்த்தவர் கண்ணைப் பறித்தது. சண்முகவேல் தினம் ஒரு தடவை வந்து தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். அடுத்த கண்காட்சிக்கு அதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் கொக்குவெள்ளையின் கொண்டை வெளுத்தது. இரை எடுத்தும் நெஞ்செலும்பு கத்தி முனையாக எழுந்து நின்றது. பிறகு ஒரு நாள் விடிந்தபோது கால் விரலில் ஒரு கொப்புளம். கறுத்துச் சிவந்து, ரத்தம் கோத்து, வெடி சுட்ட இடத்தில் கிளம்புமே, அச்சாக அதே மாதிரி. பாண்டிலட்சுமி பதறிப்போய்க் கையில் எடுத்தாள். கொப்புளம் உடைந்தது. ரத்தம் நிற்கவே இல்லை. மஞ்சளை வைத்து அமுக்கினாள், துணியைக் கட்டினாள், தன் விரலாலேயே அழுத்திப் பிடித்தாள். அந்த வெள்ளைச் சேவல் அவள் மடியிலேயே சிவந்து, கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல அவள் அழுதாள்.

அழுத கண் காய்வதற்குள் அடுத்த இடி விழுந்தது.

மறுநாள் காலை, கம்பெனி வேனுக்காகப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிற இடத்துக்குச் சண்முகவேல் வந்தார். செத்த சேவலைச் சாக்கிலிருந்து உதறி அவள் காலடியில் போட்டார்.

"பாருங்கடி, எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க! கால் எப்படி வெந்திருக்குன்னு பாருங்க. இவ கம்பெனி மருந்தை வீட்டுக்குக் கடத்தித் திருட்டு வெடி உருட்டுறா. அந்த மருந்துல நடந்துதான் என் சேவல் செத்திருக்கு!"

"அண்ணாச்சி, வாய்க்கு வந்ததைப் பேசாதீக. வீட்டுல வந்து தேடிப் பாருங்க. ஒரு பொட்டு மருந்து இருந்தா இந்தக் கையை வெட்டிப் போடுங்க."

"உன் நகக்கண்ணுல மினுங்குதே, அது என்ன, மருதாணியா?"

அவள் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்கியது உண்மை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது அது. அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணின் நகக்கண்ணிலும் அதே மினுக்கம் இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியாகத் தன் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அந்தக் காட்சிதான் பாண்டிலட்சுமியின் நெஞ்சில் சூடு வைத்ததுபோல நின்றது. சண்முகவேல் பேசியதைவிட அதுதான் அதிகம் எரித்தது.

வீட்டைச் சோதிக்கக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் யாரும் வேன் நிற்கிற இடத்தில் வந்து சொல்லவில்லை.

போர்மேன் உக்கிரபாண்டி தலையைச் சொறிந்தான். "நீ அப்படிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நிலம் அவுகது. அண்ணாச்சி வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே வேன்ல ஏறிக்கோ. அதுவரைக்கும் வீட்டுல இரு."

அன்று சாயங்காலமே கற்பகவல்லி வந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "தப்பா நெனைக்காத பாண்டி. அன்னைக்கு எங்க கோழிக்கு நீ அடுக்கிவச்சல்ல, அந்த முட்டையெல்லாம் எங்க வீட்டுக்காரரு எடுத்து வெளிய போட்டுட்டாரு. மருந்துக் கையாம். நான் என்ன செய்ய?"

கரு ஓடத் தொடங்கிய முட்டைகள்! அடைக்கோழியின் வயிற்றுக்கடியிலிருந்து உருவி எடுத்துக் குப்பையில் வீசிவிட்டார்கள்! கைராசி என்று கும்பிட்ட கை ஒரே பகலில் மருந்துக் கை ஆகிவிட்டது.

வேறொருத்தியாக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பாள். பாண்டிலட்சுமிக்கு அழுகை நின்று ஆத்திரம் மூண்டது. அதே வாரத்தில் செவலையின் சொந்தக் குஞ்சு ஒன்று, அதே மாதிரிக் கொண்டை வெளுத்து, அதே மாதிரிக் கொப்புளம் வெடித்துச் செத்தது. செத்த கோழியை வேப்பமரத்தடியில் புதைப்பது அந்த ஊர் வழக்கம். அவள் புதைக்கவில்லை. துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சாத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

"என்னக்கா பையில, கறியா? விருந்தாளு வந்திருக்காகளா?" என்று கண்டக்டர் சிரித்தான்.

"இல்லப்பா. சாட்சி" என்றாள்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் கோழியை அறுத்தார். வயிற்றைத் திறந்து அவளுக்குக் காட்டினார். ஈரல் வீங்கி வயிறு முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ரவை தெளித்ததுபோல வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்.

"இது மருந்துல வெந்தது கிடையாதும்மா" என்றார். "உள்ளே இருந்து வந்த வியாதி. என்னன்னு கண்டுபிடிக்கணும்."

அவர் சொல்லியனுப்பி, கால்நடைக் கல்லூரியில் கோழி நோய்களை ஆராய்ச்சி செய்கிற ரோஷினி வந்தாள். சிவகாசிக்காரப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே லேபிள் அச்சடிக்கிற பிரஸ். வந்தவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கையையும் காலையும் கிருமிநாசினித் தண்ணீரில் கழுவிக்கொண்டு, செவலையின் இறக்கையை விரித்து ரத்தம் எடுத்தாள். மிச்சமிருந்த குஞ்சுகளிலும் எடுத்தாள்.

"கொப்புளம் தீக்காயம் இல்லக்கா. ரத்தக்குழாயில வர்ற கட்டி. ஒரு வைரஸ் இப்படிச் செய்யும். அது தாய்க்கோழிக்கிட்டயிருந்து முட்டை வழியாவே குஞ்சுக்கு வந்திரும். அதனால முட்டை போட்ட கோழியைப் பாக்கணும்."

அது யாருடைய கோழி என்று பாண்டிலட்சுமி சொன்னாள். அவர் ரத்தம் எடுக்க விடமாட்டார் என்றும் சொன்னாள்.

விட்டார்! பெருமை கண்ணை மறைத்தது. "எடுத்துக்கோம்மா, தாராளமா எடுத்துக்கோ. என் கோழி ரத்தம் சுத்தம்னு நீயே எழுதிக் குடு. கண்காட்சியில மாட்டி வைக்கிறேன்" என்று தாய்ப்பெட்டையைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்தார். முட்டையும் கொடுத்தார். பாண்டிலட்சுமியைக் கம்பியெண்ண வைக்காமல் விடமாட்டேன் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாராம்.

முடிவு தெரிய நாளாயிற்று. அதற்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. பாண்டிலட்சுமி வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரோஷினி மறுபடி வந்த அன்று, தாழ்வாரத்தில் கோணிப்பையை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, லேபிள் அச்சடிக்கிற பிளேட் பாத்திருக்கீகளா? பிளேட்டுல என்ன இருக்கோ அதுதான் ஒவ்வொரு தாள்லயும் விழும். கோழி உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் அப்படி ஒரு பிளேட் இருக்கு. மூக்கு எப்படி, வால் எப்படி, எம்புட்டு வளரணும், எப்ப நிறுத்தணும், எல்லாம் அதுல இருக்கு. அதுக்குப் பேர்தான் மரபணு. மத்தக் கிருமியெல்லாம் வந்து சாப்பிட்டுட்டுப் போகும். இந்தக் கிருமி வேற ரகம். தன்னோட எழுத்தை அந்தப் பிளேட்டோட எழுத்தா மாத்தி, நடுவுல சொருகிரும். அப்புறம் அந்த அணு எத்தனை நகல் எடுத்தாலும் இதோட வரியும் சேந்தே அச்சாகும்."

"அழிக்க முடியாதா டாக்டரம்மா?"

"முடியாதுக்கா. சொருகுன இடம், வளர்ச்சிக்கான வரிக்குப் பக்கத்துலன்னு வச்சுக்கோங்க, அதைத் தட்டி எழுப்பி விட்டுரும். 'வளரு வளரு'ன்னு ஓயாம உத்தரவு போகும். நிறுத்துன்னு சொல்ல ஆள் கிடையாது. அதுதான் ஈரல்ல பாத்த கட்டி."

பாண்டிலட்சுமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "தாய்க்கோழி நல்லா ராணியாட்டம் நிக்கே. அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

"சில கோழி சாகாது. முட்டைக்குள்ள இருக்கும்போதே கிருமி வந்துட்டா, அதை வேத்தாளுன்னே உடம்புக்குத் தெரியாது. கூடப்பிறந்ததுன்னு நினைச்சு வச்சுக்கிடும். பாக்க அழகா இருக்கும். ஆனா முட்டை வெள்ளைக்கருவுல கிருமியை வாரி வாரிக் குடுக்கும். பொரிச்ச குஞ்சு எச்சத்துல விட, கூட மேயிற குஞ்சுக்கும் ஒட்டும். உங்க குஞ்சுகளுக்கு அப்படித்தான் வந்திருக்கு. நல்லவேளை, இது மனுசருக்கு வராது. உங்க செவலையைத் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன், அதுகிட்ட கிருமி இல்லை. வளந்த கோழியா இருந்ததால தப்பிச்சிருச்சு."

"அவரு கோழியில இருந்துதான் வந்துச்சுன்னு எப்படி அடிச்சுச் சொல்றீக?"

"எங்கப்பா பிரஸ்ல அச்சடிச்ச லேபிளை எந்தக் கடையில பாத்தாலும் அவரு கண்டுபிடிச்சிருவாரு. ஏதாவது ஒரு எழுத்துல சின்னக் கீறல் இருக்கும். கிருமியோட எழுத்துலயும் அப்படிக் கீறல் உண்டு. அவரு கோழி முட்டை, நீங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த செத்த குஞ்சு, மிச்சக் குஞ்சுக, எல்லாத்துலயும் அதே இடத்துல அதே கீறல்." ரோஷினி சற்றுத் தயங்கினாள். "இன்னொண்ணும் இருக்கு. இந்த வகைக் கிருமியை முதல்ல கறிக்கோழி இனத்துலதான் கண்டுபிடிச்சாங்க. இப்ப வேற கோழியிலயும் இருக்கு, அதனால அதை வச்சு மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது. நான் சும்மாதான் கேட்டேன், பண்ணைக்கோழி எதுவும் சேத்தீகளான்னு. அவரே சொல்லிட்டாரு. எடையும் நெஞ்சும் கூடணும்னு ஒரே ஒரு தடவை ஒரு பண்ணைச் சேவலை விட்டாராம். யாருக்கும் சொல்ல வேண்டாம்னாரு. நான் கண்காட்சியில போய்ச் சொல்லப்போறதில்ல. ஆனா உங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியாது. உங்க கோழியில்லா சாகுது?"

ஏழு தலைமுறைச் சுத்த ரத்தம்! அதைச் சொல்லிச் சொல்லித்தானே ஊரை மிரட்டினார்! தன் கூண்டுக்குள் தானே செய்த கலப்படம் நோயாகி, முட்டையாகி, ஓர் ஏழையின் அடைப்பெட்டிக்குள் வந்து படுத்தது. பழி மட்டும் அவளுடைய நகக்கண்ணுக்கு!

அன்றைக்கே மிச்சக் குஞ்சுகளை அழிக்க வேண்டியிருந்தது. ரோஷினிதான் செய்தாள். பாண்டிலட்சுமி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். அவள் கைக்குப் பழகிய குஞ்சுகள். கூப்பிட்டதும் ஓடிவந்தன. கூட்டை எரித்து, மண்ணைச் சுரண்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். செவலை மட்டும் மிஞ்சியது. 'நல்ல இடத்து முட்டையாப் பாத்து வைங்க. உங்க கையில ஒரு குறையும் இல்லக்கா' என்று ரோஷினி கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். போகும் வழியில் உக்கிரபாண்டியையும் பார்த்து எல்லாம் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிதாங்க மேடம். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றானாம்.

அந்த அண்ணாச்சிதான் இப்போது பின்வாசலில், வேட்டியில் நெருஞ்சி முள்ளோடு நிற்கிறார்.

"உள்ள வரலாமா?"

அவள் விலகினாள். அவர் பின்னறையைக் கடந்து முன்னறைக்கு வந்து, கூடையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். செவலை இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"அடைபடுத்திருக்கு போல" என்றார்.

"ஆமா."

"முட்டை வைக்கலையா?"

"யாரு குடுப்பா? மருந்துக் கையாச்சே."

சண்முகவேல் கனைத்தார். "அந்த டாக்டர் புள்ள உங்கிட்டச் சொல்லியிருக்கும். தாய்ப்பெட்டையை அழிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. அழிச்சுட்டா என் வம்சம் போச்சு. இது அது போட்ட கடைசி முட்டைக. எல்லா முட்டையிலயும் கிருமி இருக்காதாம்ல. ஒண்ணு ரெண்டு தப்பும். உன் கைராசிக்கு நிச்சயம் தப்பும். அதான்..."

பாண்டிலட்சுமி குனிந்து துண்டை எடுத்தாள். கூடை நிறைய முட்டைகள். வெளிர்நிறத்தில், வழுவழுவென்று, பார்க்க ஒரு குற்றமும் இல்லாத முட்டைகள்.

"தப்பலைன்னா?" என்றாள்.

"பாத்துக்கிடலாம்."

"தப்பலைன்னா செத்த குஞ்சுகளோட எச்சம் என் வாசல்ல, என் மண்ணுல. நாளைக்கு நான் வாங்கி வைக்கிற குஞ்சும் போகும். மிஞ்சி நிக்கிறது இந்த ஒத்தக் கோழி. அது படுக்கையிலயும் கொண்டுவந்து வைக்கச் சொல்றீக."

"சும்மா ஒண்ணும் வைக்கச் சொல்லலையே! நாளைக்கே நீ வேலைக்குப் போ. உக்கிரபாண்டிகிட்ட நான் சொல்லிர்றேன்."

"என்னன்னு சொல்லுவீக?"

"போனது போகுது, பாண்டியை நான் மன்னிச்சுட்டேன்னு சொல்றேன்."

அடுப்பில் வைத்த உலைத்தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அதைவிட அவளுக்குள் கொதித்தது.

"நீங்க... என்னை... மன்னிச்சீகளா?"

"பின்ன? ஊருக்கு ஏதாவது சொல்லணும்ல?"

"நான் சொல்லித்தரட்டுமா அண்ணாச்சி? வேன் நிக்கிற இடத்துக்கு வாங்க. செத்த சேவலைப் போட்டீகல்ல, அதே இடத்துல நின்னு, 'நோய் என் கோழி முட்டையில இருந்துச்சு, இவ கை சுத்தம்'னு சொல்லுங்க. கலப்படத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அது உங்களோட. என் கையைப் பத்தி மட்டும் சொன்னாப் போதும்."

அவர் முகம் கறுத்தது. "ஏ, என்ன பேசுற? ஒரு கோழிக்காக நான் ரோட்டுல நின்னு பொம்பளைககிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

"ஒரு கோழிக்காகத்தானே ரோட்டுல நின்னு என்னைத் திருடின்னீக?"

சண்முகவேல் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குரலை மாற்றினார். "யோசிச்சுப் பேசு பாண்டி. இந்தச் சீசன் முடிஞ்சா வேற எந்தக் கம்பெனியும் உன்னைச் சேக்காது. என்னைப் பகைச்சுக்கிட்டு இந்த ஊருல..."

"அன்னைக்கே பகைச்சாச்சு அண்ணாச்சி. இதுக்கு மேல என் கையில எடுத்துக்கிட என்ன இருக்கு? இந்தப் பேரு ஒண்ணுதான். நீங்க இப்ப எனக்குக் குடுக்கேன்னு சொன்ன வேலையில அதுவும் போயிரும். மன்னிக்கப்பட்டவன்னு வேன்ல ஏறுனா, நான் திருடிதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரியில்லா? இந்த முட்டையை வைக்க மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் எழுந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னறைப் பக்கம் திரும்பினார். பாண்டிலட்சுமி அவரை முந்திக்கொண்டு போய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அங்கன முள்ளு அண்ணாச்சி. உங்க வேட்டியைப் பாருங்க. முன்வாசல் வழியாப் போங்க."

"வெளிய பொம்பளைக தண்ணி பிடிச்சுக்கிட்டு நிக்காளுக..."

"தெரியும்."

அவள் முன்கதவை அகலத் திறந்தாள். பகல் வெளிச்சம் அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. அன்று கம்பெனிக்கு லீவு; எதிரே குழாயடியில் குடங்களும் பெண்களும். சண்முகவேல் அவசரமாகத் துண்டைத் தேடினார். அது பாண்டிலட்சுமியின் கையில் இருந்தது. அவள் அதை நான்காக மடித்து நீட்டினாள்.

"தோள்ல போட்டுக்கோங்க அண்ணாச்சி. பெரிய மனுசருக்குத் துண்டு தோள்லதான் கெடக்கணும்."

ஊரே பார்க்கிறது. அந்தத் துண்டை விரித்துக் கூடையை மூடினால் அது வேறு வேடிக்கை. அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் கூடையைப் பிடித்தபடி படி இறங்கினார். கூடையில் முட்டைகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

குழாயடியில் பேச்சு நின்றது. தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கற்பகவல்லிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்ன அண்ணாச்சி, முட்டையா?"

அவர் நடந்தார்.

"அடைக்கா கொண்டுவந்தீக? பாண்டிகிட்டயா?" கற்பகவல்லியின் குரல் இப்போது தெரு முழுக்கக் கேட்டது. "அவ கைதான் உங்க சேவலைச் சுட்டுக் கொன்னுச்சுன்னீக! அந்தக் கையிலயா கொண்டுவந்து வச்சீக?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி குடத்தை வைத்துவிட்டு, முந்தானையிலிருந்து கையை எடுத்து இடுப்பில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள். அவள் நகக்கண் வெயிலில் மினுங்கியது. சண்முகவேல் வேட்டி தடுக்க வேகமாக நடந்தார். முட்டைகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன.

"ஏ பாண்டி!" கற்பகவல்லி வாசலை நோக்கிக் கூவினாள். "எங்க வெள்ளைக்கோழி முட்டை எடுத்து வச்சிருக்கேன்டி. சாயங்காலம் கொண்டு வரட்டுமா?"

குப்பையில் கிடந்த முட்டைகள் பாண்டிலட்சுமியின் கண்ணுக்குள் வந்து போயின. முந்தானைக்குள் ஒளிந்த கைகளும் வந்து போயின. கம்பெனி வேன் நாளைக்கும் அவளை விட்டுவிட்டுத்தான் போகும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"டாக்டரம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். "உங்க கோழி ரத்தத்தையும் பாக்கணும்ல. யாரு வீட்டுல என்ன இருக்கோ!"

தெருமுனையில் வெள்ளை வேட்டி மறையும்வரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.